தெரிந்த சொல்லைத் தேடிப் பாருங்கள்: ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்கள் டிக்‌ஷனரி தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்‌ஷனரி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கஷ்டமான சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைப் புரட்டுவார்கள். அந்தச் சொல் இருந்தால் நல்ல டிக்‌ஷனரி, இல்லையென்றால் அடுத்தது. நானும் பல வருடம் இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலம் ஓரளவு கைவந்த ஒருவருக்கு இந்தச் சோதனை உதவாது. தெரியாத சொல் எதிலாவது கிடைத்துவிடும், போனில் தட்டினாலே வந்துவிடும். நம்மை மாட்டிவிடுவது தெரிந்த சொற்கள்தான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ‘டவுட்’ என்ற சொல். தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் ராஜாஜி சாலைப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கப்பலில் சரக்கு அனுப்பும் அலுவலகம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணத்தில், எடைக் கணக்கு புரியவில்லை. ‘வீ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பில் ஆஃப் லேடிங்’ என்று மெயில் அனுப்பினேன். மறுநாள் கோபமாகப் பதில் வந்தது. ஆவணம் போலி என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். என் மேஜையில் இருந்த ஆங்கிலம் - தமிழ் அகராதியில் டவுட் என்றால் சந்தேகம் என்று இருந்தது, அதில் தவறில்லை. ஆனால் தமிழில் ‘சார், ஒரு சந்தேகம்’ என்று கேள்வி கேட்கவும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் டவுட் என்பது நம்பாமையின் பக்கம் சாயும் சொல். நான் எழுதியிருக்க வேண்டியது ‘கொஸ்டின்’ அல்லது ‘கொயரி’. எனக்கு டவுட் என்ற சொல் ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். அதனாலேயே அதை ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை.

இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், நர்ஸ்கள், வெளிநாட்டுப் படிப்புக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எந்த டிக்‌ஷனரி வாங்கலாம் என்றுதான். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஆங்கிலச் செய்தித்தாள் படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு வேறு புத்தகம், வேறு வழி.

படி 1: பத்து நாள் ஒரு நோட்டு

வாங்குவதற்கு முன்பு பத்து நாள் பொறுங்கள். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போட்டு, ஆங்கிலச் சொல்லில் தயங்கி நின்ற ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். படிக்கும்போது நின்றால் முதல் பத்தி, எழுதும்போது நின்றால் இரண்டாவது, பேசும்போது நின்றால் மூன்றாவது. என்ன தெரிய வேண்டியிருந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பொருளா, கூட வர வேண்டிய சின்னச் சொல்லா, உச்சரிப்பா, இந்த இடத்தில் இதைச் சொல்லலாமா என்ற தயக்கமா?

என் வகுப்பில் இதைச் செய்த பெரும்பாலானவர்களுக்கு முதல் பத்தியைவிட இரண்டாவது பத்திதான் நீளமாக வந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால், பொருள் மட்டும் சொல்லும் டிக்‌ஷனரி உங்களுக்குப் போதாது. ஒரு சொல் வாக்கியத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் டிக்‌ஷனரி வேண்டும்.

படி 2: மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வகை ஆங்கிலம் - தமிழ் அகராதி. நம் வீடுகளில் லிஃப்கோ இல்லாத அலமாரி குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியமும் இருக்கிறது. மரம், மீன், நோய், கருவி ஆகியவற்றின் பெயர்களுக்கு இவற்றைவிட வேகமான வழி இல்லை. மொழிபெயர்க்கிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் டவுட் விஷயத்தில் எனக்கு நடந்ததுபோல, இரண்டு மொழிச் சொற்களுக்கு நடுவில் ஒரு சமக்குறி போட்டுவிட்டு அது நின்றுவிடும்.

இரண்டாவது வகை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதி. சேம்பர்ஸ், கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம் - வெப்ஸ்டர் காலேஜியேட் எல்லாம் இந்த வகை. சொற்கள் நிறைய இருக்கும், சொல் பிறந்த வரலாறும் இருக்கும். ஆனால் விளக்கம் சில சமயம் தேடிய சொல்லைவிடக் கடினமாக இருக்கும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் அபவுட் வராது என்று சொல்லாது. பிறந்ததிலிருந்து அந்த மொழியைக் கேட்டவருக்கு அது தேவைப்படாது அல்லவா? பெரிய ஆக்ஸ்ஃபோர்டு, அதாவது 1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்ததே, அது சொற்களின் வரலாற்று நூல். நூலகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அற்புதம்தான், ஆனால் மெயில் எழுத அது வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூகுளில் ஒரு சொல்லைத் தட்டினால் மேலே ஒரு பெட்டியில் பொருள் வருகிறதே, அது ஆக்ஸ்ஃபோர்டு தரும் தகவல்தான். ஆனால் அது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ‘நான் ஆக்ஸ்ஃபோர்டுதான் சார் பார்க்கிறேன்’ என்று சொல்கிறவர்கள் பலரும் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது வகை, பிற மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்பதற்கென்றே செய்தது. ஆங்கிலத்தில் லேனர்ஸ் டிக்‌ஷனரி என்பார்கள். பயிலுநர் அகராதி என்று சொல்லலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான், அதிலும் அட்வான்ஸ்டு என்று அட்டையில் போட்டது.

இந்த வகை பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, ஆசிய வகுப்பறைகளில். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் 1935-இல் ஒரு அகராதி கொண்டுவந்தார். அதில் எல்லா விளக்கங்களையும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இரண்டு பேரோடு சேர்ந்து செய்த அகராதி 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோவில் வெளியானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. அதுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ். மாணவன் வாக்கியம் அமைக்கும்போது எங்கே இடறுகிறான் என்று தினமும் பார்த்தவர்கள் செய்தது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

படி 3: ஏழு சொற்களோடு கடைக்குப் போங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு துண்டுத்தாளில் ஏழு தெரிந்த சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டியலைத் தருகிறேன். உங்கள் நோட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது டவுட். பொருள் மட்டும் இருக்கிறதா, அல்லது எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்தாலே ‘இது கேள்வி கேட்பதற்கான சொல் இல்லை’ என்று உங்களுக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது டிஸ்கஸ். நாம் ஒன்றைப் ‘பற்றி’ப் பேசுவதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று கை தானாக எழுதுகிறது. நல்ல டிக்‌ஷனரி அபவுட் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி, தவறான வாக்கியத்தை அடித்தே காட்டும்.

மூன்றாவது சஜஸ்ட். ‘சஜஸ்ட் மீ எ குட் புக்’ என்று சென்னை முழுக்கச் சொல்கிறோம். ‘எனக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்’ என்பதன் நேர் வார்ப்பு அது. ஆங்கிலத்தில் சஜஸ்ட்டுக்குப் பக்கத்தில் அந்த ‘மீ’ உட்காராது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸில் இந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக இருப்பதே ஒரு நல்ல அகராதியைப் பரிந்துரைக்கச் சொல்லும் வாக்கியம். முதல் தடவை பார்த்தபோது என்னைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது.

நான்காவது எக்விப்மென்ட். மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை செய்கிறவர்கள் தினமும் எழுதும் சொல். கடைசியில் ஓர் எஸ் சேர்த்து ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். இது எண்ண முடியாத பெயர்ச்சொல். தமிழில் கருவிகள், தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள் என்று எல்லாவற்றுக்கும் ‘கள்’ சேர்கிறது. ஆங்கிலத்தில் எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எவிடென்ஸ் எதற்கும் அப்படிச் சேராது. பயிலுநர் அகராதி ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும், சில சமயம் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக, எண்ணலாமா கூடாதா என்று குறி போடும். அந்தக் குறி இல்லாத புத்தகத்தை அங்கேயே கீழே வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது டிசிஷன். இங்கே பார்க்க வேண்டியது சொல்லின் கூட்டாளிகளை. நாம் டீ போடுகிறோம், மாத்திரை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். தமிழ் கற்கும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு ‘போடு’ என்ற சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தால் இதில் ஒன்றையும் ஊகிக்க முடியாது. ஆங்கிலத்தில் டீயை ‘மேக்’ பண்ண வேண்டும், மாத்திரையை ‘டேக்’ பண்ண வேண்டும், கோலத்தை ‘டிரா’ பண்ண வேண்டும். நாம் அங்கே அந்த வெளியூர்க்காரர் நிலையில் இருக்கிறோம். அதனால் டிசிஷன் என்ற பெயர்ச்சொல்லின் கீழ் மேக், டேக், ரீச், கம் டு என்ற வினைகள் கண்ணில் படும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதுகிறவர் கையில் முதலில் இருப்பது பெயர்ச்சொல். அதற்கு வினையைத் தேடித்தான் அவர் டிக்‌ஷனரியைத் திறக்கிறார்.

ஆறாவது ஸ்கின்னி, அதோடு ஸ்லிம். இரண்டும் ஒல்லிதான். ஆனால் ஒன்று பாராட்டு, மற்றது கேட்பவரைப் புண்படுத்தலாம். தமிழில் ‘ஒல்லியா அழகா இருக்கா’ என்பதற்கும் ‘நோஞ்சான்’ என்பதற்கும் உள்ள தூரம். இந்த மனச்சாய்வைக் குறிப்பாகச் சொல்லாத டிக்‌ஷனரி உங்களைப் பேச்சில் கைவிட்டுவிடும்.

ஏழாவது பிரிபோன். கூட்டத்தை முன்னாலேயே வைப்பதற்கு நாம் சொல்லும் சொல். சொல்லக் கூடாத சொல் ஒன்றும் இல்லை, நம்மூரில் அழகாக வேலை செய்கிறது. ஆனால் லண்டனில் இருப்பவருக்கு எழுதினால் புரியாமல் போகலாம். நல்ல டிக்‌ஷனரி இதைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் இந்திய ஆங்கிலம் என்று குறித்திருக்கும்.

உச்சரிப்புக்குத் தனியாக ஒரு சோதனை. ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக் மூன்றையும் பாருங்கள். முதல் சொல்லில் அழுத்தம் முதல் அசையில், இரண்டாவதில் இரண்டாம் அசையில், மூன்றாவதில் மூன்றாம் அசையில். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் கோட்டை நாம் கவனிப்பதே இல்லை. அப்புறம், தலைகீழாகத் திருப்பிப் போட்ட e எழுத்து ஒன்று (ə) அடிக்கடி வரும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அழுத்தம் இல்லாத இடத்தில் வாயை அதிகம் திறக்காமல் வரும் ஒலி. அந்தக் கோட்டையும் இந்த எழுத்தையும் மட்டும் படிக்கத் தெரிந்தாலே உங்கள் உச்சரிப்பில் பாதி சரியாகிவிடும். இது என் சொந்த அனுபவம்.

படி 4: எந்தப் பெயர்?

ஐந்து ஆறு பெயர்கள் உண்டு, எல்லாமே நேர்மையான வேலை. ஆனாலும் குணம் வேறு வேறு.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸின் பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. இலக்கணக் குறிப்பு தெளிவு, தவறுகளைப் பற்றிய எச்சரிக்கைகள் அதிகம். சென்னையில் எளிதாகக் கிடைக்கும். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் இதைச் சொல்வேன்.

லாங்மேன் 1978-இல் வந்தபோது, சுமார் 2,000 சொற்களைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கியது. விளக்கம் இதில்தான் எனக்கு மிக எளிதாகப் படுகிறது. அடிக்கடி வரும் சொற்களைச் சிவப்பில் அச்சிட்டு, பேச்சில் அதிகமா எழுத்தில் அதிகமா என்பதையும் தனித்தனியாகக் காட்டும். அலுவலக மெயிலில் பேச்சுநடை கலந்துவிடுகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆறாம் பதிப்பு 2014-இல் வந்தது.

காலின்ஸ் கோபில்டு 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவானது. கணினியில் சேர்த்த உண்மையான ஆங்கில வாக்கியங்களை ஆராய்ந்து செய்தது. இதில் விளக்கமே முழு வாக்கியமாக வரும். ‘நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால், அதற்கு இந்தப் பெயர்’ என்று ஓர் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல. விளக்கத்திலேயே சொல்லின் அமைப்பு தெரிந்துவிடும். குறிகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் இதைப் பாருங்கள்.

கேம்பிரிட்ஜ் முதலில் 1995-இல் வேறு பெயரில் வந்தது. இன்று அதன் இணையப் பதிப்பு வேகமாகவும் சுத்தமாகவும் இருக்கிறது. அமெரிக்காவோடு வேலை செய்கிறவர்களுக்கு மெரியம் - வெப்ஸ்டரின் பயிலுநர் அகராதி இருக்கிறது. 2008-இல் வந்தது, இணையத்தில் இப்போது பிரிட்டானிக்கா டிக்‌ஷனரி என்ற பெயரில் இலவசம்.

மேக்மில்லன் ஒரு காலத்தில் எனக்குப் பிடித்த தளம். அச்சை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் இருந்தது, 2023-இல் அதையும் மூடிவிட்டார்கள். இதை எழுதும்போது இன்னும் மனம் கனக்கிறது.

படி 5: புத்தகமா, போனா?

இரண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் எல்லாவற்றுக்கும் இலவச இணையப் பதிப்பு உண்டு, ஒலியைக் கேட்கலாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வரும்போது தேடிப் பார்க்க போன்தான் வசதி. உலாவியில் இரண்டு தளங்களை முகப்பிலேயே சேர்த்துவையுங்கள். இல்லையென்றால் கை தானாகத் தேடுபொறிக்குப் போகும், மறுபடியும் அந்தப் பெட்டியில்தான் போய் நிற்பீர்கள்.

ஆனால் எழுத்து வேலை செய்கிறவர் மேஜையில் காகித அகராதி ஒன்று இருக்கட்டும். போன் கேட்டதை மட்டும் காட்டும். காகிதத்தில் ஒரு சொல்லின் எல்லாப் பொருளும், அதன் குடும்பமும், பக்கத்து வீட்டுச் சொற்களும் ஒரே பார்வையில் தெரியும். மெரினாவில் நடக்கிற மாதிரி, போக வேண்டிய இடத்தைத் தவிர வேறு நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

படி 6: வாங்கும் இடத்தில்

புதிதாக வாங்க ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி நல்ல இடம். கழிவுக்காக மட்டும் சொல்லவில்லை, நான்கு அகராதிகளை ஒரே நாளில் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன்பே பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். ஏழு சொல் துண்டுத்தாளை அங்கே கொண்டுபோங்கள், காசு செலவில்லை.

பழைய புத்தகம் வாங்குவதில் தவறே இல்லை. என் முதல் பயிலுநர் அகராதி சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்தில் வாங்கியது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கே போன பழைய புத்தகக் கடைகளில் ஒன்று. கடைக்கார அண்ணன் ‘இன்னா தம்பி, ஒரு மணி நேரமா அதையே பாக்குற, எடுத்துக்க’ என்று விலை குறைத்துக் கொடுத்தார். ஆனால் பதிப்பைப் பாருங்கள். 1974-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் பதிப்பு பழைய கடைகளில் நிறையக் கிடைக்கும். அதில் வினைச்சொல் அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து எண் போட்டிருப்பார்கள். ஆசிரியர்களுக்கு அது பொக்கிஷம், மற்றவர்களுக்குச் சுமை. 2005-இல் வந்த ஏழாம் பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் தாராளமாகப் போதும். கூட வரும் குறுந்தட்டுக்காக அதிகப் பணம் தராதீர்கள், போட்டுப் பார்க்க இன்று கணினியில் இடமே இல்லை.

நடைபாதையில் பளபளவென்று பாதி விலைக்கு விற்பது பெரும்பாலும் திருட்டு அச்சு. உச்சரிப்புக் குறிகள் மங்கியிருக்கும், நடுவில் 16 பக்கம் காணாமல் போயிருக்கும், சிவப்புச் சொற்கள் கறுப்பாகியிருக்கும். லாங்மேனில் அந்தச் சிவப்பு போனால் பாதித் தகவலே போய்விடும். எந்தப் புத்தகமானாலும் எஸ் எழுத்தில் தொடங்கும் பக்கங்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நீளமான பகுதி அது, பக்கம் விட்டிருந்தால் அங்கே தெரிய வாய்ப்பு அதிகம்.

படி 7: முதல் மாதம், அப்புறம் இரண்டாவது புத்தகம்

வாங்கிய நாளே முன்பக்கத்தில் உள்ள குறி விளக்கத்தைப் படியுங்கள். அரை மணி நேரம் போதும், ஆனால் பத்தில் ஒன்பது பேர் படிப்பதில்லை. பிறகு ஒரு மாதம், தினமும் ஒரே ஒரு தெரிந்த சொல்லைத் தேடுங்கள். கெட், டேக், ஈவன், ஸ்டில், ஹோப், எக்ஸ்பெக்ட் போன்றவை. பொருளைத் தாண்டிக் குறிகளையும் எடுத்துக்காட்டுகளையும் படித்து, அன்று எழுதும் ஒரு மெயிலில் அந்த அமைப்பை வைத்துப் பாருங்கள். என் மாணவி ஒருவர், நர்ஸ், ‘எக்ஸ்பெக்ட்’ என்ற ஒரு சொல்லுக்கே மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நோயாளியின் குடும்பத்திடம் ஹோப் சொல்ல வேண்டிய இடத்தில் எக்ஸ்பெக்ட் சொல்லிவந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய மூன்று பத்தி நோட்டை மறுபடி பத்து நாள் எழுதுங்கள். எழுத்துப் பத்தியில் ‘எந்த வினை சேரும்’ என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வந்தால், அடுத்து வாங்க வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டு காலகேஷன்ஸ் டிக்‌ஷனரி. அதில் பொருள் கிடையாது, ஒரு சொல்லோடு எவை சேரும் என்பது மட்டும்தான் பக்கம் பக்கமாக. படிக்கும் பத்தி நீண்டிருந்தால், பழைய நாவலோ சட்ட நூலோ கையில் இருக்கிறது என்று பொருள். அப்போது அந்த இரண்டாவது வகை, சேம்பர்ஸோ கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டோ, வாங்குங்கள். பேச்சுப் பத்தி மட்டும் நீண்டிருந்தால் புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். போனில் ஒலிப் பொத்தானை அழுத்தி, கூடவே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.